இன்னும் ஒரு ஓவர்

கந்தப்பளைக்கு மேலே, தோட்டத்துப் பள்ளிக்கூட மைதானத்தில் வெளிச்சம் மங்கிக் கிடக்கிறது. தேயிலை மலையின் முகட்டில் கருமேகம் குந்தியிருக்கிறது. மழை இன்னும் விழவில்லை. தூரத்தில் இடி மட்டும் உருண்டு உருண்டு கிட்டே வருகிறது. கொழுந்து பறிக்கும் பெண்கள்கூட லயத்து வீடுகளுக்குத் திரும்பிவிட்டார்கள். பெண்கள் கிரிக்கெட் அணி மட்டும் நிற்கிறது. "இன்னும் ஒரு ஓவர்," என்கிறார் பயிற்சியாளர் சிப்னாஸ். சனிக்கிழமை இறுதிப் போட்டி. "இடிக்குப் பயப்படுறவ பந்துக்கும் பயப்படுவா." அவர் குரலை உயர்த்துவதேயில்லை. அதனாலேயே யாரும் மறுத்துப் பேசியதில்லை. பந்து வீச வேண்டியவள் பந்தை உள்ளங்கையில் உருட்டியபடி கெப்டன் பிரியந்தியைப் பார்க்கிறாள். எல்லோரும் அவளைத்தான் பார்க்கிறார்கள். முகட்டில் மின்னல் இறங்குகிறது. பிரியந்தி கையுறையைக் கழற்றுகிறாள். "எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குள்ள போங்க." "இங்க கோச் யாரு, பிரியந்தி?" "நீங்கதான் சேர். நீங்களும் வாங்க."

பெண்கள் முதலில் நடக்கிறார்கள், பிறகு ஓடுகிறார்கள். பின்னால் சேர் விசில் ஊதுகிறார். ஒருத்தியும் திரும்பவில்லை. பள்ளி வாசலை அடைந்த பிறகு பிரியந்தி மட்டும் திரும்பிப் பார்க்கிறாள். வெட்டவெளியின் நடுவில் சேர் தனியாக, இடுப்பில் கை வைத்து நிற்கிறார். காற்றே இல்லை, ஒரு தேயிலை இலைகூட அசையவில்லை. அவருடைய தலைமுடி மட்டும் மெல்ல மெல்ல நட்டுக்கொண்டு எழும்புகிறது. "குந்துங்க சேர், மின்னல் விழப் போகுது," என்று கத்துகிறாள். "அப்படியே குந்துங்க." அவர் தலையைத் தடவிப் பார்க்கிறார். பிறகு அவள் முகத்தைப் பார்க்கிறார். அவருடைய முழங்கால் மடங்கத் தொடங்குகிறது. மைதானம் முழுக்க வெள்ளையாகிறது.