நாற்பது ஜோடி இடது கால்

"தேடுற வசதி எல்லாம் எதுக்கு சார்? இருக்கறதே போதும்."

ஜஹீருன்னிசா முதலாளியிடம் இதைச் சொல்வது மூன்றாவது தடவை. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் தையல் லைனுக்கு அவர் சூப்பர்வைசர். லைனில் எல்லாருக்கும் ஆபா, அதாவது அக்கா.

கேன்டீனில் கடைசி பெஞ்சில் இருந்த சாவித்திரி, நந்தினியின் காதைக் கடித்தாள். "பாத்தியா, இன்னாத்தையோ மறைக்கிறாங்க."

அவளுக்கு ஆபா மேல் ஒரு கடுப்பு. போன வருஷம் நாற்பது ஜோடிக்கும் பக்கிளை ஒரே பக்கமாகத் தைத்துவிட்டாள். எண்பதும் இடது கால். ஆபா அவளை லைன் முன்னால் நிற்கவைத்து, "உங்க வீட்டுல எல்லாருக்கும் ரெண்டுமே இடது காலா?" என்று கேட்டார். பிறகு டேப்லட்டை எடுத்து ஏதோ தட்டினார்.

கம்பெனி வேலை மொத்தமும் ஒரு வெப்சைட்டில்தான் ஓடுகிறது. ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு பக்கம். கழித்த சரக்கு இருந்தால் தப்பு இன்னது, செய்தது இன்னார் என்று கீழே எழுத வேண்டும். பேர் போடாவிட்டால் அது ஏற்காது. நாலு வருஷமாக எழுதியது ஆபா ஒருவர்தான். ஆர்டர் நம்பர் போட்டால்தான் பக்கம் திறக்கும் என்பதால், எழுதியதை யாரும் திரும்பப் படித்ததில்லை.

அதனால்தான் சாவித்திரியே போன மாசம் முதலாளி சுஹேல் அகமதுவிடம் போய்ச் சொன்னாள். "எந்த வார்த்தை போட்டாலும் தேடித் தர்ற மாதிரி செய்யுங்க சார். ஆபா தப்பும் வெளிய வரும்."

செய்துவிட்டார்கள். கம்ப்யூட்டர்காரர் நவீத் வேலூரிலிருந்து வந்து, இன்று கேன்டீனில் திரை கட்டிக் காட்டினார்.

"புத்தகத்துக்குப் பின்னாடி எந்த வார்த்தை எந்தப் பக்கத்துலன்னு பட்டியல் இருக்குமே, அந்த மாதிரி நாலு வருஷத்துக்கும் போட்டுட்டேன் சார். எது தட்டினாலும் வரும்."

"நல்லது" என்றார் சுஹேல். "ஆர்டர் கம்மியாய்டுச்சு. நாலு பேரை நிறுத்தணும். யார் தப்பு ஜாஸ்தியோ அவங்க. எல்லார் முன்னாடியும் பாத்துடலாம்."

சாவித்திரிக்கு அந்த நாற்பது ஜோடி ஞாபகம் வந்தது. வீட்டுக்காரர் படுக்கையில் விழுந்து ஆறு மாசம். வீட்டில் சம்பாதிக்கிறவள் அவள் ஒருத்திதான்.

முதல் பேரே அவளுடையது. நவீத் தட்டினார்.

எதுவும் கிடைக்கவில்லை.

நந்தினி. எதுவும் கிடைக்கவில்லை. மரியம்மாள், ஃபிர்தௌஸ் என்று இருபத்தெட்டுப் பேருக்கும் அதே பதில்.

"தம்பி, இது வேலை செய்யலையே."

நவீதுக்கு வேர்த்தது. "செய்யுது சார். வேற ஏதாவது வார்த்தை சொல்லுங்க."

"இடது" என்றார் சுஹேல். எண்பது இடது கால் வந்தது மட்டும் அவருக்கு ஞாபகம் இருந்தது.

ஒரே ஒரு குறிப்பு வந்தது. நாற்பது ஜோடி, எல்லாம் இடது கால். தப்பு செய்தது: ஜஹீருன்னிசா.

சுஹேல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "அந்தப் பேரைத் தட்டுங்க."

அறுபத்து மூன்று வந்தன.

"ஆபா, நீங்க தையல் மெஷினைத் தொட்டு எத்தனை வருஷமாச்சு?"

"ஆறு."

"அப்ப இதெல்லாம் யாரு?"

"பேர் போடு, பேர் போடுன்னு கேக்குது சார். எனக்குச் சட்டுனு தட்ட வர்றது அந்தப் பேர்தான்."

சாவித்திரி பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"அந்த நாப்பது ஜோடி நான்தான் சார்."

சுஹேல் அவளைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். லேப்டாப்பை அவரே மூடினார்.

"இதை வெச்சு யாரையும் நிறுத்த முடியாது. எல்லாரும் வேலைக்குப் போங்க." பிறகு ஆபா பக்கம் திரும்பினார். "இந்தத் தேடுற வசதி வேணும்னு என்கிட்ட வந்து கேட்டது யாருன்னு தெரியுமா?"

சாவித்திரி தலையைக் குனிந்துகொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

ஆபா அவளை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். டேப்லட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"அதுக்கும் என் பேரையே போட்டுக்குங்க சார்."