ஒற்றை எண்

ஊருக்குத் தள்ளியிருந்த ஏரியில் ஓர் அளவுமானியும் மோடமும் இருந்தன. தண்ணீர் ஏறினால் மட்டும் அளவுமானி ஓர் எண் சொல்லும். பத்து எண் சேர்ந்ததும் மோடம் ஊருக்கு அனுப்பும்.

அன்று காலை அளவுமானி கத்தியது: "பன்னிரண்டு அடி! ஏழு வருஷம் கழிச்சு ஏரி நிரம்பிடுச்சு!"

"இன்னும் ஒன்பது எண் வரட்டும்," என்றது மோடம்.

"இனி எங்கேப்பா ஏறும்? மிச்சமெல்லாம் வெளியே வழியுதே!"

கரையில் உட்கார்ந்திருந்த தவளை சிரித்தது. "ஷேர் ஆட்டோகூட ஆள் வரலைன்னா கொஞ்ச நேரம் பார்த்துட்டுக் கிளம்பிடும்யா."

மோடத்துக்கு உறைத்தது. "சரி. இனி பத்து எண், இல்லேன்னா அஞ்சு நிமிஷம். எது முந்துதோ, அனுப்பிடுறேன்."

ஐந்தாவது நிமிடம் அந்த ஒற்றை எண் கிளம்பியது. அரைமணியில் மேளத்தோடு ஊரே கரைக்கு வந்துவிட்டது. தவளைக்குத்தான் உட்கார இடமில்லை.