மலைக்கும் குளிருதாம்

விடியுமுன்னே தொடங்கி உப்பு வாரியதில் சந்தனமாரிக்கு இடுப்பு கழன்று விழுவது போல வலித்தது. பத்து மணிக்கே வெயில் ஆளை விரட்டிவிட, வீட்டுக்கு வந்து மகள்கள் இருவருக்கும் நடுவில் காலை நீட்டி உட்கார்ந்தாள். சுவரில் அரசாங்கம் கொடுத்த ரேஷன் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. உடம்பு சூட்டில் தவிக்கிறது என்று பிள்ளைகளின் மணிக்கட்டில் மாட்டிய கைப்பட்டை சொல்லும் வரைதான் அது ஓடும்.

“பனிப் பாட்டு சொல்லும்மா,” என்றாள் சின்னவள் பேச்சி. பனியை அவள் கண்டதேயில்லை.

“மலைக்கும் குளிருதாம், மேகத்தை இழுத்துப் போத்துதாம்...” பல்லைக் கிடுகிடுவென்று அடித்துக் காட்டினாள் சந்தனமாரி. பேச்சி சிரித்தபடி அவளோடு ஒண்டினாள். பட்டைக்கு அடியில் பிள்ளையின் கை ரோமமெல்லாம் சிலிர்த்து நின்றது.

“குழந்தைக்குக் குளிர்கிறது,” என்று சொல்லிவிட்டு ஏசி நின்றுபோனது.

சந்தனமாரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். போன சித்திரையில் இது நின்ற ஒரு மணி நேரத்தில்தான் பேச்சிக்கு வலிப்பு வந்தது.

“ஏட்டி, எந்திச்சுக் குதி. வேர்க்கட்டும்.”

“பாட்டு முடியலையேம்மா.”

“அம்மா இம்புட்டு நல்லாச் சொன்னதுதான் வினை,” என்றாள் பெரியவள் கனி. “இனிமே கேவலமாச் சொல்லும்மா.”

மூன்று பேரும் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தார்கள். சந்தனமாரியின் இடுப்பில் உயிர் போனது. பட்டைகள் சிவந்த பிறகுதான் ஏசி மறுபடி ஓடியது.

பேச்சி மூச்சு வாங்க மடியில் படுத்து, அம்மாவின் வாயையே பார்த்தாள். சந்தனமாரி பிள்ளையின் கைப்பட்டையைப் பார்த்து உதட்டை மடித்துக்கொண்டாள். பாட்டில் மீதி நாலு வரி பிள்ளைக்கு இன்னும் பாக்கி.