ஊதுங்க

கதவு ஒரு கையகலம்தான் திறந்தது. சங்கிலியை எடுக்காமலேயே அவள் இடுக்கில் முகத்தை நீட்டினாள்.

"ஊதுங்க."

அவன் கருவிப் பையைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து ஊதினான். மனைவி கண்ணை மூடி மோந்து பார்த்தாள். அவளுக்குப் பின்னால், செருப்பு அலமாரியை ஒட்டி, அந்தப் பெரிய பெட்டி நின்றது. அவள் துணியும் மகள் துணியும் அதில் தயாராக இருந்தன. ஒரே ஒரு தடவை குடித்த வாடை வந்தாலும் பெட்டி படியிறங்கிவிடும் என்று சொல்லியிருந்தாள். சும்மா மிரட்டுகிறவள் இல்லை.

"சரி, வாங்க." சங்கிலி விலகியது.

அப்போதுதான் அது வந்தது, தினமும் வருவதுபோல. மூக்கடியில் லேசாக ஒரு நெடி. உடனே நாக்கில் எச்சில், உள்ளங்கையில் வியர்வை. அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான்.

வேறெங்கும் சமாளித்துவிட முடிகிறது, அதுதான் அவனுக்குப் புரியவில்லை. லிஃப்ட் பழுதுபார்க்கும்போது, இருட்டுக் குழிக்குள் அண்ணாந்து நிற்கிற நேரத்தில், நினைப்பே வருவதில்லை. வேலை முடிந்து, "என்ன சாமியாரே, டீயோட சரியா?" என்று சீண்டிவிட்டுக் கூட்டாளிகள் மதுக்கடைப் பக்கம் திரும்பும்போது தொண்டை காயும், எதிர்ப்பக்கமாக விறுவிறுவென்று நடந்தால் அடங்கிவிடும். சொந்த வீட்டு வாசலில்தான் அது அவன் கழுத்தைப் பிடிக்கிறது.

ஆஸ்பத்திரியில் ஆலோசனை சொல்லும் அம்மாவிடம் கேட்டும் பார்த்தான். "ஆரம்பத்துல அப்படித்தான். இல்லாத வாசனையெல்லாம் வரும். மூளை பண்ற சேட்டை அது. தண்ணி குடிச்சிட்டு வேற வேலையப் பாருங்க" என்றார்.

தண்ணீர் குடிக்கத்தான் உள்ளே போனான். குளியலறைப் பக்கமிருந்து மகள் வந்து வழியை மறித்துக்கொண்டு நின்றாள். பள்ளிச் சீருடையைத் துவைக்கப் போட்டவள். கையில் துண்டு சுற்றிய ஒரு பாட்டில். பாதி காலி.

"வாஷிங் மெஷினுக்குப் பின்னாடி இருந்துச்சு."

அவன் வழக்கமாகக் குடித்த அதே ரகம். குடியை விட்ட அன்று, வீட்டில் மிச்சமிருந்த பாட்டில்களை எல்லாம் மனைவிதான் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கொட்டினாள். 'நீங்க பாக்க வேணாம், ஆசை வரும்' என்றாள்.

"நேத்தே எனக்கு வாடை வந்துச்சுப்பா" என்றாள் மகள். உதடு கோணியது. "நான்தான் அம்மாகிட்ட சொல்லல. பெட்டியத் தூக்கிடுவாங்கன்னு பயம்."

"நான் குடிக்கலடா கண்ணு."

சொல்லும்போதே அது கேள்வியைப் போல இருந்தது. குடித்த நாட்களில் செய்த எதுவும் அவனுக்கு மறுநாள் நினைவிருக்காது. ஒரு கட்டடத்தில் லிஃப்டின் பிரேக்கைக் கழற்றியவன், திரும்ப மாட்டினோமா இல்லையா என்று தெரியாமல் வீட்டில் உட்கார்ந்து நடுங்கியிருக்கிறான். ஓடிப் போய்ப் பார்த்தபோது, மாட்டவில்லை. லிஃப்டுக்குள் ஒருத்தி கைக்குழந்தையோடு ஏறிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு எடுத்த முடிவு இது.

மகளுக்கும் வாடை வந்திருக்கிறது என்றால் மூளையின் சேட்டை இல்லை. குடித்துவிட்டு, குடித்ததையே மறந்துவிட்டேனா?

மனைவி பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தாள். அவன் பதறிப் போய் வாசல் கதவில் சாய்ந்து நின்றான்.

"ஏதாவது திட்டேன். இப்படி நிக்காத."

"நான் சொல்ல என்ன இருக்கு?" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

மகள் பாட்டிலைக் கீழே வைத்தாள். "குனிப்பா. நானே பாக்கறேன்."

அவன் வாசலிலேயே மண்டியிட்டான். அவள் அவன் வாயருகே மூக்கைக் கொண்டுவந்தாள். சோப்பு வாசனை, பென்சில் வாசனை. அவன் ஊதினான்.

"ஒண்ணுமே இல்லம்மா! டீ வாசனைதான்."

அவனுக்கும் ஒன்றும் வரவில்லை. நெடியும் இல்லை, எச்சிலும் ஊறவில்லை. அதே வாசல், மூக்குக்கு எதிரே ஒரு முகம். தினமும் இங்கே வருவது இப்போது மட்டும் ஏன் வரவில்லை?

"அவளுக்கு என்ன தெரியும்? சின்னப் பொண்ணு." மனைவி சட்டென்று மகளை விலக்கிக்கொண்டு குனிந்தாள். "எனக்கு ஊதுங்க."

வந்தது. மூக்கடியில், நாக்கில், உள்ளங்கையில்.

அவன் ஊதவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு எழுந்தான். எத்தனையோ வருடமாக அவன் வரும்வரை விழித்திருந்த கண்கள். கைப்பிடியை இன்னும் விடாத அந்த விரல்களின் நடுக்கம் பழக்கமானது. தன் கையிலேயே பார்த்திருக்கிறான்.

"நீ உள்ள போய்ப் படி கண்ணு. அம்மா எங்கயும் போகல."

அறைக் கதவு சாத்தப்படும்வரை காத்திருந்தான். பிறகு அவள் விரல்களை ஒவ்வொன்றாகக் கைப்பிடியிலிருந்து பிரித்து, தன் கைக்குள் வைத்துக்கொண்டு மெல்லச் சொன்னான்.

"இப்ப நீ ஊது."