மூர்த்தியைக் கொன்றது யார்?

டிவியில் மூர்த்தி செத்துக் கிடந்தார். மூக்கில் பஞ்சு, நெற்றியில் ஒரு ரூபாய், கழுத்தில் சாமந்தி மாலை.

அதே மூர்த்தி, வேங்கிக்கால் வீட்டுக் கூடத்தில் அந்த டிவிக்கு எதிரிலேயே உட்கார்ந்து, அவித்த மல்லாட்டைக் கடலையை உரித்து வாயில் போட்டுக்கொண்டிருந்தார். மெல்லுவது பாதியில் நின்றுவிட்டது.

"இன்னாய்யா இது?" என்றாள் அவர் மனைவி ராணியம்மாள்.

ஓடிக்கொண்டிருந்தது 'டிடெக்டிவ் டில்லிபாபு' சீரியல். போண்டா தின்றுகொண்டே கொலைகாரனைப் பிடிக்கும் டில்லிபாபுவை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பார்க்காத வீடு அந்தத் தெருவில் கிடையாது. இந்த முறை கதை அவர்கள் ஊரான திருவண்ணாமலையில். ஷூட்டிங் நடந்தது அடி அண்ணாமலையில். வேன் ஓட்டும் மூர்த்தி, வேலூர் சவாரி என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போய்ப் பிணமாகப் படுத்துவிட்டு வந்திருந்தார். முகத்தை இத்தனை கிட்டத்தில் காட்டுவார்கள் என்று பாவம், அவர் எதிர்பார்க்கவில்லை.

"யாரோ நம்ம ஜாடையில இருக்கான் ராணி. ஒரே மாதிரி ஏழு பேர் இருப்பாங்கன்னு சொல்லுவாங்கல்ல?"

"ஏழு பேருக்கும் காதுல இப்படித்தான் முடி மொளச்சிருக்குமா?"

அந்த நேரம் பார்த்து டிவியில் ஒரு பெண், "என் ராசா, என்ன விட்டுட்டுப் போயிட்டியே!" என்று பிணத்தின் மேல் விழுந்து புரண்டாள். ராணியம்மாள் ரிமோட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"அது நீ இல்லன்னா சரி. அவன் யாரோ, அவ யாரோ."

"நான் இல்லவே இல்ல."

மூர்த்தி கிட்டத்தட்ட தப்பித்துவிட்டார். கடைசியில் பேர் ஓடும்போதுதான் வினை வந்தது. பிணமாக நடித்தவர் எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரித்தால்தான் தோஷம் கழியும் என்பது சினிமாக்காரர்கள் வழக்கம். அந்தச் சிரிப்பை எடுத்து வைத்திருந்தவர்கள், தமாஷாக இருக்கட்டுமே என்று அதையும் போட்டுவிட்டார்கள்.

பிணம் எழுந்து உட்கார்ந்தது. பஞ்சைப் பிடுங்கியது. முன்பல் சந்து முழுசாகத் தெரியச் சிரித்தது. முப்பது வருஷமாக அந்தச் சந்தைப் பார்த்துக்கொண்டிருப்பவள் ராணியம்மாள்.

"குத்துக்கல்லாட்டம் நான் இருக்கசொல்ல, மாலையப் போட்டுக்கினு படுத்துக் கெடக்குறியே, என் தாலிக்கு இன்னாய்யா மரியாத? புருஷனுக்குத் தெரியாம நான் ஒரு காரியம் பண்ணியிருப்பனா? பொய் சொல்லிட்டு ஒரு நாள் வாசப்படி தாண்டியிருப்பனா?"

"இல்ல ராணி."

"உனக்கு மட்டும் எங்கிருந்துய்யா வந்துச்சு மறைக்கிற புத்தி?"

மறுநாள் காலை மூர்த்திக்குத் தட்டு வரவில்லை. ராணியம்மாள் சுட்ட தோசையை எடுத்துப்போய் மதில்மேல் வைத்து, "கா... கா..." என்று கூப்பிட்டாள்.

"ராணி, அது என் தோசை."

"செத்தவங்களுக்கு அங்கதான் வெப்பாங்க."

காக்கா சட்னியைக்கூட விட்டுவைக்கவில்லை.

வாரம் பூராவும் இதே கதைதான். மூர்த்தி ஹோட்டலில் சாப்பிட்டார், வாய்க்கு விளங்கவில்லை. ராணியம்மாள் பேச்சையும் நிறுத்திவிட்டாள். வாய் ஓயாமல் திட்டும் பெண்டாட்டி திட்டாமல் இருந்தால் வீடு எப்படி இருக்கும் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. அழுகையே வந்துவிட்டது.

கடைசியில் பக்கத்து வீட்டு கவியாவைத் தூது அனுப்பினார்.

"பாவம் அத்தை, மாமா ரொம்ப எளச்சிட்டாரு."

"செருப்பு இல்லாம மலையச் சுத்திட்டு வரச் சொல்லு. தோஷம் போவட்டும். அப்புறம் பாக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை, கொளுத்துகிற வெயிலில், சுற்றினார். "அதோ பாரு, டிவி பொணம் போவுது!" என்று வழியெல்லாம் கூட்டம் கூடி செல்ஃபி எடுத்தது. அவர் சிரிக்கவே இல்லை. சிரித்த வரைக்கும் போதும் என்றாகிவிட்டது.

நொண்டிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தால், சுடச்சுட அடையும் வெல்லமும் காத்திருந்தன.

"ஜாஸ்தி நடந்துட்ட. சாப்ட்டு சீக்கிரமா படுத்துக்கய்யா" என்றாள் ராணியம்மாள். குரலில் அப்படி ஒரு கனிவு. மூர்த்திக்குக் கண் கலங்கியது. இப்படிப்பட்டவளிடமா பொய் சொன்னோம் என்று தன்னைத் தானே நொந்துகொண்டார்.

"படுக்குறது இருக்கட்டும். டில்லிபாபு போடுற நேரம். டிவியப் போடு."

"இன்னிக்கு வேணாம். எனக்குக் கண்ணு எரியுது."

"என்னைக் கொன்னது யாருன்னு நான் தெரிஞ்சிக்க வேணாமா?"

"தெரிஞ்சி இன்னா பண்ணப் போற? செத்தது செத்தாச்சு, வுடு."

அதற்குள் ஓடிவந்த கவியா, "என்ன அத்தை, இன்னும் போடலியா?" என்று டிவியைப் போட்டுவிட்டாள்.

டில்லிபாபு கையில் பாதி போண்டாவோடு, முக்காடு போட்ட ஒரு பெண் முன்னால் நின்றுகொண்டிருந்தார். "பாயசத்துல விஷம் வெச்சு அந்த மனுஷனைக் கொன்னது நீதான்!" என்று முக்காட்டை வெடுக்கென்று இழுத்தார்.

"ஆமாய்யா, நான்தான் கொன்னேன்!" என்று கண்ணை உருட்டிக் கத்தினாள், டிவியில் ராணியம்மாள்.

மூர்த்தி வாயில் வைத்த அடையோடு மெதுவாகத் திரும்பினார்.

"கீழ்பென்னாத்தூர்ல அக்கா வூட்டு வளைகாப்புன்னு சொல்லிட்டுப் போனியே..."

ராணியம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"சத்தியமா செத்தது நீதான்னு எனக்கு யாரும் சொல்லலய்யா. சொல்லியிருந்தா இன்னும் நல்லா பண்ணியிருப்பேன்!"