பதினொன்றாம் எண் நோயாளி

"உங்க பக்கம்தான் தப்பு" என்றாள் பெய்யா.

"வீட்டிலேயும் என் பக்கம்தான், இங்கேயும் என் பக்கம்தானா?" என்று சிரித்தார் கணவர் லம்ஜத்.

துனிஸ் ஆய்வகத்தில் பெய்யாவின் கணினி நிரல், சுருங்கிப்போன ஒரு மகாதமனிக்குள் ஓடும் ரத்தத்தைக் கணக்கிட்டது. லம்ஜத்தின் நிரல் மீதி உடம்பை. இரண்டும் சேருமிடத்தில் அழுத்தமும் ஓட்டமும் ஒத்துப்போகவே மாட்டேன் என்றன. அறுவை சிகிச்சை தேவையா என்று மருத்துவர் நண்பகலுக்குள் பதில் கேட்டிருந்தார். நோயாளியின் பெயர் ஆய்வகத்துக்கு வராது. பதினொன்று என்ற எண் மட்டும்தான்.

"எண்ணெயில பொரிச்ச பிரிக் பலகாரமா தின்னு ரத்தக் குழாயைக் கெடுத்து வச்சிருக்கான், கழுதை!" என்றாள் பெய்யா.

"பாவம் அந்த மனுஷன், திட்டாதே. அழுத்தத்துல இருபது குறைச்சுப் பாரு."

"ஏன்?"

"ஆஸ்பத்திரியில லிஃப்ட் ஓடலை. மூணு மாடி ஏறி மூச்சு வாங்கறப்போ எடுத்த அளவு அது. ஓட்டத்தை மறுநாள் படுக்க வச்சு எடுத்தாங்க."

குறைத்தாள். ஆறே சுற்றில் இரண்டு நிரலும் ஒத்துப்போயின. சுருக்கத்தைத் தாண்டியும் அழுத்தம் அவ்வளவாக விழவில்லை.

"கத்தி வேண்டாம், மாத்திரை போதும்!" என்று கைதட்டியவள் சட்டென்று நிறுத்தினாள். "லிஃப்ட் ஓடலைன்னு உங்களுக்கு யார் சொன்னா?"

"ஏறினதே நான்தானே. தெரிஞ்சா நீ பயந்துடுவே, கணக்கு தப்பும்னுதான் சொல்லலை."

மருத்துவருக்கு எழுத உட்கார்ந்தவள், பதினொன்று என்ற எண்ணையே மூன்று முறை தப்பாக அடித்தாள்.

"நீங்களே எழுதுங்க" என்று விசைப்பலகையை அவர் பக்கம் தள்ளினாள்.