பூட்டிய காரில் டீசல்

"டீசல் போடவே வக்கில்லாத ஆளுக்கு எதுக்கும்மா காரு?"

தாராவிச் சந்தில் நாலு பேர் பார்க்க, பொன்செல்வியிடம் கத்தினான் பைசான். கார் கடன் வசூலிக்கிறவன். அவன் பின்னால் ஃபைனான்ஸ் ஆபீசர் கைகட்டி நின்றார்.

"அவர் சவாரிக்குப் போயிருக்காரு, தம்பி."

"மூணு தவணை பாக்கி. நாளைக்கும் பதினோரு மணிக்கு வருவோம். வண்டி நின்னா தூக்கிருவோம்!"

சாயங்காலம் அவள் புருஷன் இசக்கிராஜ் காரோடு திரும்பியபோது டீசல் முள் அடியில் படுத்திருந்தது. விலை ஏறியதிலிருந்து சவாரிக் காசை டீசலே தின்றுவிடுகிறது.

"நாளைக்கு வண்டி நகராது, செல்வி. தூக்கிட்டுப் போகட்டும்" என்றவன் சோற்றைத் தொடாமல் படுத்துவிட்டான். அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

விடிந்ததும் வண்டியைக் கடைசியாக ஒருமுறை கிளப்பிப் பார்த்தான். முள் கால் டேங்கில் நின்றது!

மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாளும்.

"சாவி என் தலகாணிக்கு அடியில. கதவைத் திறந்து லிவரை இழுக்காம டீசல் மூடி திறக்காதே!" என்று குழம்பினான் இசக்கிராஜ்.

பொன்செல்வி காருக்கு முன்னால் சூடம் கொளுத்தினாள். "நம்ம சாமி சுடலைதாங்க ஊத்திட்டுப் போறாரு."

நாலாம் நாள் விடியக்காலை, காரின் பின்சீட்டில் போர்வைக்குள் படுத்துக்கொண்டு உள்ளிருந்து பூட்டினான் இசக்கிராஜ்.

சந்து நாய்கள் சட்டென்று அடங்கின.

டக். பூட்டு தானாகத் திறந்தது. கதவிடுக்கில் ஒரு கை நுழைந்து, லிவரை இழுத்துவிட்டு மறைந்தது.

பின்பக்கத்தில் களக்... களக்... யாரோ தாகமாகத் தண்ணீர் குடிப்பதுபோல் சத்தம்.

சுடலையை நினைத்துக்கொண்டு இறங்கினான். வண்டியோரம் ஓர் உருவம், கண்ணை மட்டும் விட்டு முகமெல்லாம் துணி சுற்றிக் குந்தியிருந்தது. துணியைப் பிடித்து இழுத்தான்.

பைசான்! கையில் டீசல் கேனும் புனலும்.

"சத்தம் போடாதீங்க, அண்ணாச்சி. லோன் போட்டப்ப ஆபீசுல வாங்கி வச்ச ரெண்டாவது சாவி இது. தெரிஞ்சா என் வேலை போயிரும்."

"பகல்ல அந்தப் பேச்சு பேசிட்டு... ஏம்ப்பா இதெல்லாம்?"

"ஆபீசர் வரும்போது வண்டி இங்க நிக்கக் கூடாது, அண்ணாச்சி. ஓடினாத்தானே நீங்க தவணை கட்ட முடியும்?"

கேனை மூடினான். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"போன மாசம் செம்பூர்ல ஒருத்தர் வண்டியைத் தூக்கினேன். மறுநாள் அவர் ரயில் முன்னால பாய்ஞ்சுட்டாரு. துட்டி கேக்க அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மவளுக்கு ஆறு வயசு. என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'பாக்கியைக் கட்டிட்டா அப்பாவையும் திருப்பித் தந்துருவீங்களா அங்கிள்?'னு கேட்டா."